உங்கள் வீட்டில் மணி அடிப்பது யார்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவர் தினமும் 3 மணி நேரம் டி.வி.யும் செல்போனும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வருடத்தில் எத்தனை மணி நேரம் பார்ப்பார்? 3-ஐ 365-ஆல் பெருக்குங்கள். 1,095 மணி நேரம்! அதை 24-ஆல் வகுத்துப் பாருங்கள். 45 நாளுக்கும் மேலே வருகிறதா? ஏறக்குறைய ஒரு முழுக் கோடை விடுமுறை. அதுவும் ராத்திரி, பகல் என்று தூங்காமல், சாப்பிடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு இது.

'நான் அவ்வளவெல்லாம் பார்ப்பதில்லை' என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். ஆனாலும் இந்தக் கட்டுரையைப் படித்து முடியுங்கள். உங்கள் பக்கத்து வீட்டு நண்பருக்காவது உதவும்.

இப்போது ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியட் முடிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி, விளையாட்டுக்கு ஒரு மணி, வீட்டுக்குப் போக ஒரு நீண்ட மணி. மணி அடித்ததும் எழுந்துவிடுவோம். வீட்டில் டி.வி., செல்போன் முன்னால் உட்கார்ந்தால் மணி அடிப்பது யார்?

யாருமே இல்லை! அதுதான் இன்றைய விஷயம்.

முடிவே இல்லாத பக்கம்

சென்னையில் தூர்தர்ஷன் டி.வி. 1975-ம் வருடம் ஆகஸ்ட் 15-ந் தேதி தொடங்கியது. அந்தக் காலத்தில் தினமும் சாயங்காலம் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. அது முடிந்துவிட்டால் பெட்டியை மூடிவிட்டுப் படுக்கப் போகவேண்டியதுதான். அதாவது, டி.வி.யே மணி அடித்தது. நடுவில் கரண்ட் போனால் அதுவும் ஒரு மணி. தெருப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடி வந்துவிடுவார்கள்.

புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு 'வணக்கம்' உண்டு. ஆனால் செல்போனில் வீடியோக்களை விரலால் தள்ளிக்கொண்டே போகிறீர்களே, அதற்கு முடிவு எங்கே?

அது தானாக வந்ததல்ல. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்ததும் 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பொத்தானே இல்லாமல் பக்கம் நீண்டுகொண்டே போகும் முறையைக் கண்டுபிடித்தார். படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் மக்கள் நிறுத்த முடியாமல் மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிறகு, இப்படிச் செய்துவிட்டோமே என்று அவரே வருத்தப்பட்டார்.

ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதும் இதே தந்திரம்தான். 'இன்று வராவிட்டால் உன் பரிசு போய்விடும்' என்று கேம் பயமுறுத்துவதும் இதேதான். 'நிறுத்தலாமா?' என்று யோசிக்கும் ஒரு நொடியைக்கூட அது உங்களுக்குத் தருவதில்லை.

அம்மா சமையல்கட்டிலிருந்து, "மக்களே, சாப்பிட வா!" என்று கூப்பிடுகிறார். நீங்கள், "இன்னா வாறேன்ம்மா! அஞ்சே நிமிசம்!" என்கிறீர்கள். அந்த 5 நிமிஷம் 50 நிமிஷம் ஆகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே 5 நிமிஷம் என்றுதான் நினைத்தீர்கள். மணி இல்லாத இடத்தில் நேரம் போவது தெரியாது.

சரி, உட்கார்ந்தே இருந்தால் என்னதான் ஆகிவிடும்? அதற்குப் பஸ்ஸில் ஏறவேண்டும். வாருங்கள்!

டிரைவரும் கண்டக்டரும்

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து பஸ்ஸில் போயிருப்பீர்கள். டிரைவர் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. கண்டக்டரோ, 'டிக்கெட், டிக்கெட்' என்று கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். இருவரும் வேலை செய்வது ஒரே பஸ்ஸில்தான். இந்த இரண்டு பேரில் யாருடைய இதயம் நன்றாக இருக்கும்?

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டருக்கு இதே சந்தேகம் வந்தது. அங்கே ஓடியவை மாடி பஸ்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கவேண்டும். மாரிஸும் அவருடைய நண்பர்களும் சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் உடல்நல விவரங்களைச் சேகரித்தார்கள். 1953-ல் முடிவு வெளியானது. உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு! அப்படியே வந்தாலும், உயிரிழந்தவர்கள் டிரைவர்களில்தான் அதிகம்.

பிறகு தபால் ஊழியர்களையும் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுத்த தபால்காரர்களின் இதயம், மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் இதயத்தைவிட நன்றாக இருந்தது. உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்பதை எண்களோடு காட்டிய முதல் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

மாரிஸ் மற்றவர்களுக்குச் சொன்னதோடு நிற்கவில்லை. தானும் நடந்தார், நீந்தினார். 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் மறைந்தார்!

'எனக்குப் 10 வயதுதானே, மாரடைப்பைப் பற்றி எனக்கு எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் வயதில் கவலைப்படவேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று எலும்பு. இன்னொன்று கண்.

விண்வெளியில் ஓடியவர்

நம் மாவட்டத்துக்கும் விண்வெளிக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு, தெரியுமா? இஸ்ரோவின் தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த கே.சிவன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி.நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர்தான். ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் போனால், ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையம் இருக்கிறது.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் மிதந்துகொண்டே இருப்பார்கள். நிற்கவேண்டாம், நடக்கவேண்டாம், பாரம் தூக்கவேண்டாம். கேட்க ஜாலியாக இருக்கிறதல்லவா? ஆனால் எலும்புக்கு அது ஜாலி இல்லை. கால், இடுப்பு எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துவிடும். 'என்னைத்தான் யாரும் பயன்படுத்தவில்லையே' என்று எலும்பு தன் சுண்ணாம்புச்சத்தை இழந்துவிடுகிறது.

அதனால் விண்வெளி வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்தே ஆகவேண்டும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் என்ன செய்தார் தெரியுமா? பூமியில் பாஸ்டன் மாரத்தான் நடந்த அதே நாளில், விண்வெளி நிலையத்தில் ஓடும் இயந்திரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு 42 கிலோ மீட்டரையும் ஓடி முடித்தார்! அதே சுனிதா 2024-ல் சில நாள் பயணமாகப் போய், 286 நாள் அங்கே தங்கவேண்டி வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

நீங்கள் பூமியில்தான் இருக்கிறீர்கள். ஆனால் சோபாவில் சாய்ந்து, கால் தரையில் படாமல் மணிக்கணக்கில் கிடந்தால், உங்கள் எலும்புக்கும் அதே மாதிரி வேலை இல்லாமல் போய்விடும். குதிக்கும்போதும் ஓடும்போதும் எலும்பின் மீது விழும் அழுத்தம்தான் அதை உறுதியாக்குகிறது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பு பலத்தைச் சேர்த்துவைக்கும் பருவம் உங்கள் பருவம்தான். இது ஒரு உண்டியல் மாதிரி. இப்போது போட்டால்தான் தாத்தா, பாட்டி ஆகும்போது எடுக்க முடியும்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதில் வாரம் 3 நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் ஓட்டம், குதித்தல் போன்றவை இருக்கவேண்டும்.

கண்ணுக்கு வேண்டும் வெயில்

உங்கள் வகுப்பில் எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள்.

சீனாவில் குவாங்சோ என்ற நகரத்தில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. 6 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் 40 நிமிஷம் வெளியே விளையாட ஒரு பீரியட் கூடுதலாகக் கொடுத்தார்கள். மற்ற 6 பள்ளிகளில் பழையபடியே. 3 வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். பழையபடி இருந்த பள்ளிகளில் 100-க்கு சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விளையாடிய பிள்ளைகளில் 100-க்கு சுமார் 30 பேருக்குத்தான் வந்திருந்தது. இந்த முடிவு 2015-ல் வெளியானது. தைவான் நாட்டில் 2010-லிருந்தே, பிள்ளைகள் தினமும் 120 நிமிஷம் வெளியே இருக்கவேண்டும் என்று பள்ளிகளில் சொல்லி வருகிறார்கள்.

காரணம் வெளிச்சம். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு 'லக்ஸ்' அளவுதான். வெளியே மர நிழலில் நின்றாலே அது பல ஆயிரம் லக்ஸ்! அந்த வெளிச்சம் படும்போது விழித்திரையில் சுரக்கும் ஒரு பொருள், கண் உருண்டை அளவுக்கு மேல் நீளமாகாமல் தடுக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். கண் உருண்டை நீண்டுவிட்டால் கரும்பலகை மங்கலாகத் தெரியும். வெயிலில் நின்றாலும் சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக்கூடாது.

இன்னொன்று: திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடும். அதனால்தான் கண் எரிகிறது. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஏதாவது ஒன்றை 20 நொடி பாருங்கள். ஜன்னல் வழியாகத் தென்னை மரத்து உச்சியைப் பார்த்தால் போதும்.

ஊரே மணி அடித்தது!

பிரச்னை தெரிந்துவிட்டது. இனி மணிக்கு வருவோம்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனா காலத்தில் அங்கேயும் பிள்ளைகள் செல்போனில்தான் பாடம் படித்தார்கள். பள்ளி திறந்த பிறகும் போன் கையை விட்டு இறங்கவில்லை. பெரியவர்களும் சீரியலை விட்டு எழுந்திருக்கவில்லை. 2022-ல் சுதந்திர தினத்தையொட்டி ஊர் கூடி ஒரு முடிவு செய்தது. ராத்திரி 7 மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சைரன் ஒலிக்கும். உடனே எல்லா வீட்டிலும் டி.வி.யும் செல்போனும் அணையவேண்டும். எட்டரை மணிக்கு அடுத்த சைரன். அதுவரை ஒன்றரை மணி நேரம் படிக்கலாம், பேசலாம், விளையாடலாம்.

முதலில் எல்லோரும் ஒத்துழைக்கவில்லை. வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். பிறகு அந்தச் சைரன் நாடு முழுவதும் பேசப்பட்டது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது எது தெரியுமா? அவர்கள் செல்போனைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஒரு மணியை வைத்தார்கள். அந்த மணி பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் ஒன்றாக ஒலித்தது. அதனால்தான் அது நடந்தது.

மணி அடித்த பிறகு எங்கே போவது?

அந்தக் கவலை குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மலை, வயல், குளம், கடல் நான்கும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் அதிர்ஷ்டசாலிகள் நீங்கள்!

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். மணலில் ஓடுவது தரையில் ஓடுவதைவிட இரண்டு மடங்கு கஷ்டம் மாதிரி தோன்றும். அப்படி ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்தவர்தான் மைக்கேல் சூசைராஜ். 2019-ல் இந்திய கால்பந்து அணிக்காக ஆடினார்!

'கவிமணி' தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூருக்குப் போயிருக்கிறீர்களா? சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. 2022-ல் இந்த இடத்துக்கு 'ராம்சர்' என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. குளக்கரையில் நடந்தபடியே எத்தனை வகைப் பறவை என்று எண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவுடன் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கலாம். சிதறால் மலையில் ஏறலாம். கடற்கரைக்குப் போனால் மணலோடு சரி. பெரியவர்கள் துணை இல்லாமல் கடலில், குளத்தில், ஆற்றில் கால் வைக்கக்கூடாது.

தினமும் இங்கெல்லாம் போக முடியாது. அதற்குத்தான் வீட்டு முற்றமும் தெருவும் இருக்கிறதே! கிளித்தட்டு விளையாடத் தரையில் கோடு கிழித்தால் போதும். ஒரு குழு கோட்டில் நின்று மறிக்கவேண்டும். இன்னொரு குழு அடிபடாமல் கடந்து போய்த் திரும்பவேண்டும். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டிவிடும்.

ஆனால்... ஆனால்...

நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள் எங்களுக்குத் தெரியும்!

'மழை பெய்தால்?' - நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே இது நல்ல கேள்விதான். திண்ணையில் ஸ்கிப்பிங் ஆடலாம். மாடிப்படி 20 முறை ஏறி இறங்கலாம். பாட்டுப் போட்டுவிட்டு ஆடலாம்.

'ஹோம் ஒர்க்கே போனில்தானே வருகிறது?' - அதைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஹோம் ஒர்க்கோடு வீடியோவும் ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'கேரமும் தாயமும் விளையாடினால் சரியா?' - மூளைக்கு நல்லது. ஆனால் அதுவும் உட்கார்ந்து ஆடுவதுதான். கதைப் புத்தகம் படிப்பதும் அப்படித்தான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

'என்னால் ஓட முடியாதே?' - சக்கர நாற்காலியில் இருக்கும் நண்பர்கள் பந்து எறிந்து பிடிக்கலாம், கையால் வேகமாகச் சக்கரத்தை உருட்டலாம். உடம்புக்கு முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு அசையுங்கள்.

'அப்பா, அம்மாவே எந்நேரமும் போனில்தானே இருக்கிறார்கள்?' - சபாஷ்! இந்தக் கேள்வியை இதே பணிவோடு அவர்களிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தையும் படிக்கக் கொடுங்கள்.

ஒரு வாரச் சோதனை

பழைய கடிகாரம், அலாரம், சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும்... எது வேண்டுமானாலும் உங்கள் வீட்டு மணியாக இருக்கலாம். செய்யவேண்டியவை இவைதான்:

1. டி.வி., போன் போடும் முன்பே, எப்போது நிறுத்துவது என்று மணி வைத்துவிடுங்கள். போட்ட பிறகு யோசித்தால் நடக்காது.

2. வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

3. சாப்பாட்டுத் தட்டும் திரையும் ஒரே நேரத்தில் வேண்டாம். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதே தெரியாது. நல்ல மீன் குழம்பின் ருசியும் தெரியாது!

4. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லாத் திரைக்கும் கடைசி மணி. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். போனுக்கு சார்ஜ் போடும் இடம் படுக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும்.

5. ஒரு நோட்டில் தினமும் மூன்று எண்களை எழுதுங்கள். திரை முன்னால் எத்தனை நிமிஷம்? வியர்க்க விளையாடியது எத்தனை நிமிஷம்? மணி அடித்ததும் உடனே எழுந்தது எத்தனை முறை?

7 நாள் கழித்து நோட்டைப் பாருங்கள். முதல் நாள் மணி அடித்தும் எழுந்திருக்க மனசு வராது. அது உங்கள் குற்றமில்லை. எழுந்திருக்க விடாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள், நான்காம் நாள், வெளியே நண்பர்கள் கூப்பிடும் சத்தம் மணியைவிடப் பலமாகக் கேட்கும்.

அந்தக் கடைசி எண் தினமும் ஏறிக்கொண்டே வந்தால், உங்கள் வீட்டில் மணி அடிப்பது நீங்கள்தான். எங்கே, இன்று சாயங்காலமே முதல் மணியை அடித்துவிடலாமா குட்டீஸ்?